தரையை விட்டு மேடை ஏறிய அடுப்பு

சமையலறையைப் புதுப்பிக்கும்போது கேஸ் அடுப்பை எங்கே மாற்றி வைப்பது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீளும். தென்கிழக்கில் உள்ள அக்கினி மூலைதான் அடுப்புக்கு என்றென்றைக்குமான இடம் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் நடந்ததைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. எந்த மூலை என்பதைச் சாஸ்திரம் சொல்லியிருக்கலாம். எந்த உயரம், எதன் பக்கத்தில், எந்தக் காற்றோட்டத்தில் என்பதையெல்லாம் எரிபொருளே முடிவு செய்தது.

விறகடுப்பு தரையில் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. நீளமான விறகை வாயில் செருகி, எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். அணையும்போது ஊதுகுழலால் ஊத வேண்டும். கொதிக்கும் சோற்றுப்பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலைகள் இவை. பெரிய அடுப்பின் அனலை வாங்கிக்கொள்ளும் கொடியடுப்பில் குழம்பு மெல்லக் கொதிக்கும். அம்மியும் அரிவாள்மணையும் அதே தரை மட்டத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இந்த ஒழுங்குக்குக் கொடுத்த விலை புகை. ஐதராபாத்துப் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்து, அதைப் பற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளியானது. புகையை வெளியேற்ற அது வழி காட்டியது. ஆனால் எரிபொருள் விறகாகவே இருந்ததால் சமைப்பவர் அடுப்பின் முன் உட்கார வேண்டியிருந்தது.

அவரை எழுப்பி நிற்க வைத்தது கேஸ். 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் சமையல் எரிவாயுவை விற்கத் தொடங்கியது. 1965இல் இண்டேன் வந்தது. சிலிண்டரில் உள்ள புரொப்பேன், பியூட்டேன் வாயுக்கள் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். ஆகவே சிலிண்டரைத் தரையில் நிமிர்த்தி வைத்து, அடுப்பை அதைவிட உயரத்தில் வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதியானது. கடப்பாக்கல் மேடையும் அதன் கீழே சிலிண்டரும் நம் சமையலறையின் அடையாளமாகிவிட்டன. அடுப்பு ஏறியதும் மற்ற வேலைகளும் மேலே ஏறின. அரிவாள்மணையின் வேலையைக் கத்தியும் பலகையும், அம்மியின் வேலையை மிக்ஸியும் எடுத்துக்கொண்டன. 2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்போடு இலவச அடுப்பு வழங்கத் தொடங்கியதும் இந்த மாற்றம் சிறிய வீடுகளுக்கும் பரவியது.

மேடையைக் கொண்டுவந்தது கேஸ் அல்ல, கான்கிரீட் வீடும் நகர வாழ்க்கையும்தான் என்று வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நகரத்து வீடுகளிலும் பலர் தரையில் வைத்தே சமைத்தார்கள். மேடை அப்போது ஒரு வசதி மட்டுமே. கேஸ் வந்த பிறகுதான் அது கட்டாயமானது. தரையில் உட்கார்ந்து எழுவது உடலுக்கு நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம், ஆனால் புகையை நாளெல்லாம் சுவாசித்த பெண்களையும், தவழும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் எரிந்த தீயையும் ஒதுக்கிவிட்டு அந்த நன்மையைக் கணக்கிட முடியாது.

இப்போது குழாய்வழி இயற்கை எரிவாயு வருகிறது. எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், காற்றைவிட லேசானது. கசிந்தால் கூரைப் பக்கம் சேரும் என்பதால் காற்றோட்டம் மேலேயும் வேண்டும். பர்னரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். குழாயைச் சுவரில் பொருத்திவிட்டால், சிலிண்டர் இருந்தபோது செய்ததைப் போல அடுப்பை நினைத்தபடி நகர்த்த முடியாது. எனவே புதுப்பிக்கும் வீட்டில் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: எந்த எரிபொருள், காற்று எங்கே போகிறது, சமைப்பவரின் இடுப்பு உயரம் என்ன? இவற்றுக்கு ஒத்துவந்தால் அக்கினி மூலையிலேயே தாராளமாக வைக்கலாம். ஒத்துவராவிட்டால் மூலைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த முடிவில் தினமும் அடுப்பின் முன் நிற்பவரின் சொல்லே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும்.