சுவரொட்டி வரைந்தவர்கள்

2002-ஆம் ஆண்டு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்தியத் திரைப்படச் சுவரொட்டிகளுக்கென ஒரு கண்காட்சி நடத்தியது. அதன் தலைப்பிலேயே ‘பாலிவுட்’ என்ற சொல் இருந்தது. தென்னாட்டின் நான்கு மொழிப் படங்களும் உருவான கோடம்பாக்கம் உலகின் கண்ணில் பின்வரிசையில்தான் நிற்கிறது. அயலாரைக் குறைசொல்லுமுன், நாம் எத்தனை பேரை அறிவோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நவீனச் சுவரொட்டி என்றதும் நாம் சத்யஜித் ராயைச் சொல்வோம். அது நியாயமே. 1943-இல் கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்து, சிக்னெட் பதிப்பகத்துக்கு நூலட்டைகள் வரைந்து, 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ தந்தவர் அவர். தம் படங்களின் சுவரொட்டிகளைத் தாமே வரைந்தார். வங்க எழுத்தின் வளைவுகளையே ஓவியமாக்கினார். ரோமன் எழுத்துருக்களும் அவர் கையால் பிறந்தன.

ஏறக்குறைய அதே வார்ப்பில் ஒருவர் சென்னையிலேயே வாழ்ந்தார். நரசாபுரத்தில் 1933-இல் பிறந்த சத்திராஜு லட்சுமிநாராயணா, அதாவது பாபு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்; வழக்காடியதைவிட வரைந்ததே மிகுதி. பத்திரிகைக் கேலிச்சித்திரம், விளம்பரம், நூலட்டை எனக் கடந்து 1967-இல் ‘சாட்சி’ படத்தை இயக்கினார். காட்சிகளை முன்கூட்டியே கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு படப்பிடிப்புக்குச் செல்வது அவர் வழக்கம். அவருடைய கையெழுத்தே பின்னாளில் தெலுங்கில் எழுத்துருவாயிற்று. 2013-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பட்டியலில் அவர் மாநிலம் தமிழ்நாடு என்றே குறிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு சென்னையிலேயே மறைந்தார். தமிழ் வாசகரில் எத்தனை பேர் அவரை நம்மவர் என்று எண்ணியிருப்போம்?

அந்தச் ‘சாட்சி’யின் விளம்பர ஓவியர் ஈஸ்வர். பாலகொல்லுவில் 1938-இல் பிறந்து, பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, கேதாவிடம் தொழில் பயின்றவர். தனித்துச் செய்த முதற்படமே பாபுவினுடையது. பின்பு பல மொழிகளில் ஏறத்தாழ 2,500 படங்கள்! 2021-இல் சென்னையில் காலமானார். ‘டிசைன்ஸ் – ஈஸ்வர்’ என்று திரையில் ஓடிய பெயரை நாம் படித்திருக்கிறோம். பின்னால் ஓர் ஆள் இருந்ததை எண்ணியதில்லை.

அவர்கள் வேலை எளிதன்று. புகைப்படங்களை வெட்டி ஒட்டி, அவற்றின்மேல் தூரிகையாலும் கத்தியாலும் வண்ணம் பூசி, படத்தின் பெயரைக் கையால் எழுதவேண்டும். தமிழ்த் தலைப்பெழுத்தில் அச்சகத்து ஈயம் தராத விடுதலை இருந்தது. புராணப் படத்துக்குக் கல்வெட்டு போன்ற எழுத்து, மர்மப் படத்துக்கு வழிந்தொழுகும் எழுத்து. ரசனை சில வேளைகளில் கொச்சையானதுதான்; மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘ழ’கரத்தின் சுழியை இத்தனை விதமாக வளைத்தவர்களை நம் எழுத்துக்கலை வரலாறு தவிர்க்க முடியுமா? இலக்கியச் சிற்றிதழ்களின் தலைப்பெழுத்துக்கு ஆதிமூலத்தை நன்றியுடன் நினைக்கும் நாம், தெருவில் கிடந்த எழுத்துக்கு அந்த மரியாதையைத் தரவில்லை.

சுவரொட்டியின் ஆயுள் மிகக் குறைவு. மயிலாப்பூரில் காமதேனுவும் கபாலியும் கொட்டகைகளாக இருந்த நாட்களில், வெள்ளிக்கிழமை ஒட்டிய தாளை அடுத்த படத்தின் தாள் மூடிவிடும். எஞ்சியதைப் பசையின் ருசிக்காக மாடு தின்னும். கொட்டகைகளே போய்விட்டன. கணினி வந்தபின் வரைவோர் கைக்கும் வேலை இல்லாமற்போயிற்று.

ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் எழுந்த பார்க் ஓட்டல், அதன் நினைவாகப் பழைய படங்களின் சுவரொட்டிகளைச் சுவரில் மாட்டியது. காபியின் விலை கேட்டு அஞ்சாதவர்கள் பார்க்கலாம். 1994-இல் தொடங்கப்பட்டு, இப்போது தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் காத்துவருகிறது. தி.நகரிலும் வடபழனியிலும் பழைய படக் கம்பெனிகளின் பரண்களில் இன்னும் சுருள்கள் இருக்கக்கூடும். வீடு இடிக்குமுன், எடைக்குப் போடுமுன், யாரேனும் அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.