நிலவொளியில் நின்ற பல்சாக்

1909ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில், நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூவில், 291 என்னும் இலக்கத்தையே பெயராகக் கொண்ட சிறிய கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதன் பொருள் ஒரு சிற்பம். ஆயின் அச்சிற்பம் அங்கு இருக்கவில்லை. அது பிரான்சு நாட்டில், மெயுடோன் என்னும் ஊரில், சிற்பியின் இல்லத்திலேயே இருந்தது. கடல் கடந்து வந்தவை அதன் நிழற்படங்களே.

நேயர்களே, அச்சிற்பத்தின் வரலாறு துயரமானது. எழுத்தாளர் பல்சாக்குக்கு ஒரு சிலை வேண்டுமென 1891ஆம் ஆண்டில் பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம் ஓகுஸ்த் ரொடானை நாடியது. அப்பொழுது அதன் தலைவர் எமில் ஸோலா. ஒன்றரை ஆண்டில் முடிப்பதாக வாக்களித்த ரொடானுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. பல்சாக் இறந்தோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எனவே அவர் பிறந்த தூரேன் நாட்டுப்புறத்து மக்களின் முகங்களை ரொடான் ஆராய்ந்தார். முன்னர் அவருக்கு உடை தைத்த தையற்காரரைக் கொண்டு அதே அளவில் உடையுந் தைப்பித்தார். ஈற்றில் இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எழுத்தாளர் இரவிரவாக விழித்திருந்து எழுதுகையில் அணிந்த நீண்ட அங்கி ஒன்றினாலே உடல் முழுவதையும் மூடி, தலையை மட்டும் மலைமுகடு போல் நிமிர்த்தினார்.

1898ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் பாரிசுச் சாந்தில் அமைந்த அவ்வுருவைக் கண்டோர் நகைத்தனர். மூட்டை என்றனர் சிலர். பனிப்பொம்மை என்றனர் வேறு சிலர். சங்கம் அதனை ஏற்க மறுத்து, வேறொரு சிற்பியிடம் பணியை ஒப்படைத்தது. அன்பர்கள் நிதி திரட்டி வாங்க முன்வந்தும் ரொடான் இணங்காது, சிலையை மெயுடோனுக்குக் கொண்டு சென்றுவிட்டார்.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1908இல் அச்சிலை திறந்த வெளிக்குக் கொண்டுவரப்பட்டது. அதனைப் படம் பிடிக்க வந்தவர், லக்சம்பேர்க்கிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எட்வேட் ஸ்டைக்கன். பகலொளியில் வெண்சாந்து சுண்ணாம்புபோற் கண்ணைக் கூசச் செய்தது. நிலவில் எடுத்துப் பார்க்கலாமே என்றார் ரொடான். அதற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் தகட்டில் ஒளியை விழவிடுவது என்பதையும் ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கருவியைத் திறந்து வைத்து, ஸ்டைக்கன் இரவு முழுவதும் முயன்றார்.

படங்களுக்கு அவர் இட்ட பெயர்களைக் கவனியுங்கள்: திறந்த வானம், இரவு பதினொரு மணி, ஒளியை நோக்கி, நள்ளிரவு, நிழலுரு, அதிகாலை நான்கு மணி. சிலையின் பெயரோடு வானமும் நாழிகையும் சேர்ந்துவிட்டன. மண்டபத்திற் குறையாகத் தோன்றிய வடிவமற்ற தன்மையே இங்கு வலிமையாகிறது. மடிப்புகள் மறைந்து, இருளினின்றும் எழும் ஒரு திண்மை எஞ்சுகிறது. ரொடான் மிக மகிழ்ந்தார். உலகம் தம் பல்சாக்கை இப்படங்களாலேயே விளங்கிக்கொள்ளும் என்று கருதினார்.

இதில் ஓர் ஐயமும் எழாமலில்லை. நிலவு எதனையும் அழகாக்கும் அன்றோ? ஸ்டைக்கன் நமக்குக் காட்டியது சிலையையா, ஓர் இரவையா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து. 1898இல் நகைத்தவர்கள் கண்டதும் வெறுஞ் சிலையன்று. கூட்டம் நெருங்கிய மண்டபத்து வெளிச்சத்தில் நின்ற சிலையையே அவர்கள் கண்டனர். பிற்காலத்தார் அதனை எளிதிற் குறை கூறாதிருந்தமைக்கு அந்த இரவும் ஒரு காரணமாகும்.

கலைக்கூடத்தை நடத்திய அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ், 1911இல் இப்படங்களைத் தமது சஞ்சிகையிலும் வெளியிட்டார். ரொடான் 1917இல் மறைந்தார். 1939ஆம் ஆண்டிலேதான் அச்சிலை வெண்கலத்தில் வார்க்கப்பட்டுப் பாரிஸ் நகரில், ரஸ்பாய் பெருவீதியில் நிறுவப்பட்டது. வெண்கலமோ கருமை நிறம். நிலவை அது வேறுவிதமாகவே ஏற்கும். வெண்சாந்துருவம் திறந்த வானின் கீழ் நின்ற கோலத்தைக் காண விழைவோர் இன்றும் ஸ்டைக்கனின் படங்களையே நாடவேண்டும்.