குறுக்கெழுத்தில் வந்த சேதி

கிறிஸ்துமஸ் லீவில் ஹாஸ்டலிலேயே தங்கினவங்களுக்கு ஆங்கிலக் குறுக்கெழுத்து ஞாபகம் இருக்கும். பாதிக் கட்டம் காலியாகவே கிடக்கும்!

அந்த வித்தையில் ஜாம்பவான், இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் கிரகாம். 1958 முதல் 'கார்டியன்' பத்திரிகைக்குப் புதிர் அமைத்தவர். புனைபெயர் 'அராகேரியா'. அது ஒரு மரம். ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு பெயர் 'மங்கி பஸில்', குரங்குப் புதிர். (குசும்பைப் பாருங்கள்!) கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் பெரிய கட்டமாகப் போட்டு விடுமுறை முழுக்க மண்டையைக் குடைய வைப்பார்.

2012 டிசம்பரில் ஒரு சிறு குறுக்கெழுத்து இதழிலும், 2013 ஜனவரி 11 அன்று கார்டியனிலும் அவருடைய புதிர் ஒன்று வந்தது. மேலே ஒரு குறிப்பு: அராகேரியாவுக்கு 19-இல் 18 வந்திருக்கிறது, 13-15 கொடுக்கிறார்கள். கட்டத்தை நிரப்பியவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது. 19 உணவுக்குழாய். 18 புற்றுநோய். 13-15, வலி தணிக்கும் சிகிச்சை. அப்போது வயது 91.

அதற்கப்புறமும் அவர் புதிர்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்த நவம்பர் 26-ஆம் தேதி காலமானார்.