கரகமும் குடக்கூத்தும்

கரகாட்டத்தின் வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் சிலப்பதிகாரத்திலிருந்தே தொடங்குவர். மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்றாகிய குடக்கூத்தே இன்று கரகம் என்ற பெயரில் வழங்குகிறது என்று ஒரே வாக்கியத்தில் முடித்தும் விடுவர். கேட்பதற்கு இனிய முடிவுதான். ஆயினும், ஒரு கூத்தின் பிறப்பை அறிய அதன் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதாது. எந்தத் தெய்வத்தின் முன், எந்த வேண்டுதலோடு அது ஆடப்பெறுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

குடக்கூத்து மாயவனுக்கு உரியது. காமன் மகனாகிய அநிருத்தனை வாணாசுரன் சிறை வைத்தபோது, அவனை மீட்கச் சென்ற கண்ணன் அந்த நகர வீதியில் குடங்கொண்டு ஆடினான் என்பது கதை. பஞ்சலோகத்தாலும் மண்ணாலும் செய்த குடங்களைக் கொண்டு ஆடியது அது என்று அடியார்க்கு நல்லார் உரை கூறுகிறது. சீகாழிக்கு அருகே திருநாங்கூரில் உள்ள அரிமேய விண்ணகரத்துப் பெருமாளுக்குக் குடமாடு கூத்தன் என்றே திருநாமம்.

இக்கூத்தை ஆடிய முறையை வைணவ உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். தலையில் அடுக்குக் குடம் இருக்கும். தோள்களிலும் குடங்கள் இருக்கும். கையிலுள்ள குடங்களையோ வானத்தில் எறிந்து பிடிப்பர். அந்தணர்க்குச் செல்வம் மிகுந்தால் வேள்வி செய்வதுபோல, ஆயர்க்குச் செல்வம் மிகுந்தால் அந்தச் செருக்குக்குப் போக்கிடமாக ஆடுவது இக்கூத்து என்றும் அவர்கள் சொல்வார்கள். பாலும் தயிரும் நிரம்பி வழியும் ஆய்ப்பாடியின் களிப்பு அது. நயமான விளக்கம்!

தலையில் குடம் என்ற ஒற்றுமை இதில் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் எழுந்தருளும் சக்திக் கரகத்தை வானத்தில் எறிவதை யாரேனும் எண்ணிப் பார்க்க முடியுமா? அங்கே குடம் ஆடுகருவி அன்று; அதுவே தெய்வம்.

சொல்லின் வரலாறும் வேறு வழியில்தான் செல்கிறது. பழந்தமிழில் கரகம் என்பது துறவியரும் அந்தணரும் கையிற் கொண்ட நீர்க்கலம். தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்குரிய பொருள்களுள் அதனை வைத்து எண்ணுகிறது. கலித்தொகைப் பாலைப் பாட்டொன்றில், உடன்போன மகளைத் தேடிச் செல்லும் செவிலி வழியிற் காணும் முக்கோற் பகவரும் உறியிலே கரகத்தைத் தாங்கி வருகிறார்கள். நோன்பு நோற்பவர் தாங்கும் தூய நீர் என்ற கருத்து அந்தச் சொல்லுக்கு அன்றே இருந்தது.

இனிக் கிராமத்துச் சடங்கைப் பார்ப்போம். ஊருக்கு ஊர் சிறு வேற்றுமை உண்டு. கரகம் எடுப்பவர் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார். குறித்த நாளில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ குடத்தில் நீர் நிரப்பி, மஞ்சளிட்டு, வேப்பிலை செருகி, வாயில் தேங்காய் வைத்து, மேலே கோபுரம்போல் பூவால் சோடிப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க, பூசாரி அம்மனை வருணித்துப் பாடி அழைப்பார். அழைப்புக்கு இணங்கி அவள் குடத்தில் வந்து அமர்ந்ததாகக் கொண்ட பின்பே அது தலையில் ஏறும். வீதியிலே வீட்டுக்கு வீடு பெண்கள் வந்து, கரகம் தாங்குபவரின் காலில் மஞ்சள் நீர் ஊற்றி வணங்குவார்கள். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த மனிதரை அன்றைக்கு அம்மா என்று அழைப்பவர்களும் உண்டு. கால்கள் தாமே அசையத் தொடங்குகின்றன. நடை ஆட்டமாகிறது. கரகாட்டத்தின் பிறப்பிடம் இந்த நடைதான் என்பது என் கருத்து.

ஏன் நீர்? ஏன் வேப்பிலை? மாரி என்ற தமிழ்ச் சொல்லுக்கு மழை என்று பொருள். கொள்ளை நோயைக் குறிக்கும் மாரி என்ற வடசொல்லும் உண்டு. இவ்விரண்டு பொருளுக்கும் உரியவளாகவே மக்கள் அவளைக் கண்டார்கள். பங்குனி, சித்திரை மாதங்களின் வெயிலில் குளம் வற்றும், பெரியம்மையும் பரவும். நோயையே அம்மை என்றார்கள். கொப்புளத்தை முத்து என்றார்கள். நோயாளியை வேப்பிலைமேல் கிடத்தினார்கள். முத்து இறங்கியபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அந்த நீராட்டுக்குரிய பொருள்களே கரகத்திலும் இருப்பதைக் கவனியுங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் செய்ததை, கரகத்தின் வழியாக ஊருக்கே செய்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை. பெரியம்மை இந்தியாவில் 1975 ஆம் ஆண்டோடு மறைந்தது. உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980 இல் அறிவித்தார்கள். கரகம் நின்றுவிடவில்லை. மழை இன்னும் வேண்டியிருக்கிறது.

மாரியம்மனோடு இணைத்துச் சொல்லப்படும் இரேணுகையின் கதையிலும் ஒரு குடம் வருகிறது. சமதக்கினி முனிவரின் மனைவியாகிய அவள், நாள்தோறும் ஆற்று மணலையே குடமாக வனைந்து நீர் கொண்டுவருவாள். கற்பின் வலிமையால் அந்தச் சுடாத குடம் கரையாது நிற்கும். ஒருநாள் வானத்திற் சென்ற கந்தருவனின் நிழலை நீரிலே கண்டு வியந்தாள். குடம் கரைந்தது. தந்தையின் ஆணையால் மகன் பரசுராமன் அவள் தலையைக் கொய்தான். பின்பு வரம் பெற்று உயிர்ப்பித்தான். கணநேர வியப்புக்கு இத்துணைக் கொடுமையா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்க வேண்டியதுதான். மக்களோ தண்டித்தவர்களை விட்டுவிட்டுத் தண்டனை பெற்றவளைத் தெய்வமாக்கினார்கள்; அவள் கையில் கரைந்த குடத்தைத் தங்கள் தலைமேல் தாங்கினார்கள். கரகம் சாய்வது தீநிமித்தம் என்ற அச்சத்தின் வேர் இக்கதையில் இருக்கக்கூடும்.

இதற்குத் துணையாகப் பெங்களூர்க் கரகத்தைச் சொல்லலாம். அங்கே தருமராயர் கோயிலில் திகளர் என்னும் சமூகத்தார் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி எடுக்கும் கரகம் திரௌபதியைக் குறிப்பது. தாங்குபவர் ஆண், உடையும் வளையலும் தாலியும் பெண்ணுக்குரியவை. வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, நள்ளிரவுக்குமேல் அது புறப்படும். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. அவ்விழாவின் ஒரு பகுதிக்கு ஹசி கரகம் என்று பெயர். பச்சைக் கரகம், அதாவது சுடாத மண் கரகம் என்பது பொருள். இது நிகழும் சம்பங்கி ஏரி மறைந்து அங்கே விளையாட்டரங்கம் எழுந்துவிட்டது. ஆயினும் கரகத்துக்காக ஒரு மூலையில் சிறு குளத்தை விட்டு வைத்திருக்கிறார்கள்.

கலையாக வளர்ந்தது ஆட்டக் கரகம். தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, நெல்லை வட்டாரங்களில் இது சிறந்தது. பித்தளைச் செம்பில் அரிசியோ மணலோ இட்டுப் பாரமேற்றி, மேலே கிளி பொருத்தி, நையாண்டி மேளத்துக்கு ஆடுவார்கள். ஏணியில் ஏறினாலும், குனிந்து தரையிலுள்ள ஊசியை இமையால் எடுத்தாலும் கை கரகத்தைத் தொடாது. தொடாமை என்ற சடங்கு விதி இங்கே கலை விதியாகியிருக்கிறது. இதை ஆடும் பெண்களை விடிய விடிய நிறுத்தி வேடிக்கை பார்த்து, விடிந்தபின் இழிவாகப் பேசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 1989 இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தைக் கொண்டாடியவர்களும் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. சிலப்பதிகாரப் பழைமையைச் சான்று காட்டினால் இவர்களுக்கு மதிப்பு வரும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பழைமை எதற்கு? கரகத்தைத் தொட்டு வணங்கித் தலையில் ஏற்றும் ஒருவரை மதிக்க, அவர் ஆடும் வீதியில் அன்று இரவு வேறு எந்தக் கரகம் எழுந்தருளுகிறது என்று பார்த்தாலே போதுமே.

விழா முடிந்ததும் சக்திக் கரகத்தை நீர்நிலைக்குக் கொண்டுசென்று, பூவைக் களைந்து நீரில் விடுவார்கள். அந்நேரத்தில் ஆட்டக் கரகங்கள் துணியில் சுற்றப்பெற்று அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் பயணமாகிக்கொண்டிருக்கும்.