பொருளா, செய்முறையா?

ஆங்கிலேயர் இயற்றிய 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருந்தைக் கண்டறிந்தவர் அம்மருந்தின்மீதே காப்புரிமை பெறலாம். விடுதலைக்குப் பின்னும் அந்நிலை நீடித்தது. இந்நாட்டுக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டாரிடமே இருந்ததை, 1959-இல் நீதியரசர் இராசகோபால அய்யங்கார் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அதன் வழியில் எழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்கு உரிமையில்லை, அதனைச் செய்யும் முறைக்கே உண்டு என வரையறுத்தது. வேறு முறையில் செய்ய வல்லவர் அதே மருந்தைச் செய்து விற்கலாம். நம் மருந்துத் தொழில் தழைத்ததற்கு இவ்வரையறை பெருங்காரணம்.

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கிணங்க, 2005-இல் மருந்துக்கே காப்புரிமை திரும்பிற்று. ஆயினும் நாடாளுமன்றம் ஒரு வேலியிட்டது: பழைய பொருளின் புதிய வடிவம் ஆற்றலில் குறிப்பிடத்தக்க மேம்பாடு காட்டினாலன்றி உரிமை பெறாது.

அவ்வேலி சென்னையில் சோதனைக்குள்ளாயிற்று. இரத்தப் புற்றுநோயின் ஒருவகையை அடக்கும் கிளிவெக் மாத்திரைக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் அளித்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளியது. சட்டப்பிரிவையே எதிர்த்த வழக்கை உயர்நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. அந்நாளில் மாதச் செலவு நிறுவனத்தின் மருந்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய மருந்துக்கோ 10,000 ரூபாய்க்கும் குறைவு.

கிளிவெக் அருமருந்தே, அதில் ஐயமில்லை. வறியோர் பலருக்கு அந்நிறுவனம் இலவசமாகவும் வழங்கியது. ஆனால் இலவசத்திற்குக் கேட்டு நிற்க வேண்டும். மலிவு மருந்தைக் கடையில் வாங்கலாம்.

2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. புதிய வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்றது நிறுவனம். அதனால் நோய் தீர்க்கும் ஆற்றல் மிகுந்ததென்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது.