கதைத்தலே பேச்சான கதை

ஸ்பானிய மொழியில் பேசுதலைக் குறிக்கும் வினை ‘ஆப்லார்’. எழுதும்போது முதலில் ஒரு ‘ஹ’ நிற்கும், ஆனால் ஒலிக்காது. ஒலிக்காத எழுத்துக்கு அங்கு என்ன வேலை?

இலத்தீனில் பேசுதலுக்குப் புலவோர் போற்றிய வினை ‘லோக்வி’. ‘ஃபாபுலா’ என்றால் கதை. அதிலிருந்து பிறந்த ‘ஃபாபுலாரி’ சாதாரண மக்களின் உரையாடற்சொல். கி.மு. 184 வாக்கில் மறைந்த பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களிலேயே அது வருகிறது. காலப்போக்கில் புலவோர் சொல் மக்கள் நாவிலிருந்து மறைய, ஐபீரியத் தீபகற்பத்தில் கதைத்தலே பேச்சாயிற்று. (ஈழத்தமிழரும் பேசுதலைக் ‘கதைத்தல்’ என்றே வழங்குவர். வகுப்பில் “கதை பேசாதே!” என்று அதட்டும் நமக்கு இது சற்றுச் சங்கடந்தான்.)

போர்த்துக்கீசியர் இன்றும் ‘ஃபலார்’ என்பர். காஸ்டீலிலோ ‘ஃப’ வெறும் மூச்சொலியாகிப் பின் அதுவும் தேய்ந்தது. எழுத்தில் நிற்கும் ‘ஹ’ அதன் சுவடு. மாவைக் குறித்த ‘ஃபாரினா’ ‘ஆரினா’ ஆனதும் இவ்வாறே.

பிரெஞ்சின் ‘பார்லே’, இத்தாலியின் ‘பார்லாரே’ ஆகியவை வேறு குடும்பம். உவமைக் கதையைக் குறிக்கும் ‘பராபோலா’வின் வழிவந்தவை. அந்தப் பராபோலாவும் ஸ்பானியத்தை விட்டுவைக்கவில்லை: அங்கே ‘சொல்’ என்பதற்குச் சொல் ‘பலாப்ரா’.