கோடு போட்டவர்கள் – 14: எண்பத்து மூன்று துண்டுகள்

பிரான்ஸின் மேற்கே, பிரிட்டனி மாகாணத்தில் வித்ரே என்றொரு ஊர். அங்கிருந்து கிழக்கே ஒரு நாள் நடையில் லவால். 1780களில் வித்ரேயில் உப்பு சல்லிசு. லவாலில் அதே உப்புக்கு இருபது மடங்குக்கும் மேல் விலை. கடல் ஒன்றுதான், வெயில் ஒன்றுதான், ராஜாவும் ஒருவர்தான். ஆனால் பிரிட்டனி 1532இல் பிரான்ஸோடு சேர்ந்தபோதே தன் பழைய சலுகைகளுக்கு உறுதி வாங்கிக்கொண்டது. உப்பு வரி அங்கே கிடையாது. லவால் இருந்த மேய்ன் மாகாணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. போதாததற்கு, ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் வேறு.

விளைவு, கடத்தல். அதற்கு நாய்களைப் பழக்கினார்கள். லவால் பக்கம் வளர்த்த நாயை பிரிட்டனிக்குக் கொண்டுபோய்ப் பட்டினி போடுவது, பிறகு அதன் உடம்பில் உப்புப் பையைக் கட்டி விரட்டிவிடுவது. பசித்த நாய் சோறு கிடைக்கும் வீட்டைப் பார்த்து ஓடிவரும். பெண்கள் பாவாடைக்குள் பை வைத்துத் தைத்து எல்லை தாண்டினார்கள். அவர்களைப் பிடிக்கத் தனிக் காவல்படையே இருந்தது.

உப்பு ஓர் உதாரணம்தான். அன்றைய பிரான்ஸில் வரி வசூலிக்கும் எல்லை ஒன்று, நீதிமன்றத்தின் எல்லை இன்னொன்று, ஆயரின் மறைமாவட்டம் வேறொன்று, படைத்தளபதியின் வட்டாரம் மற்றொன்று. ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. தெற்கே ரோமானியச் சட்டம், வடக்கே ஊருக்கு ஊர் வழக்கச் சட்டம். ஒரு கிராமத்தான் வரிக்கு ஒரு நகரமும் வழக்குக்கு வேறொரு நகரமுமாக அலைந்தான். இதை ஒழுங்கின்மை என்று சொல்வதுகூடச் சரியில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ராஜாக்கள் கல்யாணத்தாலும் போராலும் சேர்த்த சொத்துப் பட்டியல் அது.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இல், ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சபை பிரபுக்களின் சலுகைகளோடு மாகாணங்களின் சலுகைகளையும் சேர்த்து ஒழித்தது. ஒழித்தாயிற்று, அடுத்து என்ன? செப்டம்பர் 29 அன்று நார்மண்டி வழக்கறிஞர் துரே எழுந்து ஒரு திட்டத்தைப் படித்தார். நாட்டைச் சம சதுரங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு சதுரமும் 18 லீக் நீளம், 18 லீக் அகலம். இன்றைய கணக்கில் 70 முதல் 80 கிலோமீட்டர். மொத்தம் 80 சதுரங்கள், பாரிஸ் தனி. ஒவ்வொன்றையும் ஒன்பதாகவும், அவற்றை மறுபடி ஒன்பதாகவும் பிரிப்போம். இந்தப் புதிய அலகுக்குப் பெயர் தெபார்த்மான். நம் வசதிக்கு மாவட்டம் என்றே வைத்துக்கொள்வோம்.

அளவுகோல் வைத்துப் போட்ட கோடு மலையையும் ஆற்றையும் பார்க்காதே என்று சபையில் கூச்சல் எழுந்தது. ப்ரொவான்ஸிலிருந்து வந்த மிராபோ, நிலத்தின் பரப்பை வைத்துப் பிரிப்பது அபத்தம், மக்கள்தொகையை வைத்து 120 மாவட்டங்களாகப் பிரிக்கலாம், பழைய மாகாண எல்லைகளையும் மதிக்கலாம் என்று வாதாடினார். துரேவின் நோக்கமே வேறு. தன்னை ‘பிரிட்டனிக்காரன்’, ‘ப்ரொவான்ஸ்காரன்’ என்று சொல்லிக்கொள்பவனை வெறும் பிரெஞ்சுக்காரனாக ஆக்கவேண்டும். அதற்கு அவனுடைய மாகாணத்தின் பெயரே வரைபடத்திலிருந்து போகவேண்டும்.

சதுரங்கள் தோற்றன, நோக்கம் ஜெயித்தது. கஸ்ஸினி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அளந்து தயாரித்த பெரிய வரைபடத்தின் தாள்களை விரித்துவைத்து, அந்தந்த ஊர்ப் பிரதிநிதிகளே உட்கார்ந்து பேரம் பேசி எல்லைகளை முடிவு செய்தார்கள். எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் குதிரையில் ஒரே நாளில் தலைநகரை அடையவேண்டும் என்பதுதான் கணக்கு என்று பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருவது உண்டு. 1790 ஜனவரியில் எண்ணிக்கை உறுதியானது: 83. மார்ச் 4 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. அத்தனை பெரிய நாட்டை ஐந்தே மாதத்தில் வெட்டி ஒட்டிய வேகம் இன்றைக்கும் மலைக்க வைக்கிறது.

எல்லையைவிடப் பெரிய சண்டை தலைநகருக்கு. நீதிமன்றமும் அலுவலகமும் வந்தால் வக்கீல்கள், சத்திரங்கள், சந்தை எல்லாம் பின்னாலேயே வரும் என்று ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். மார்ன் மாவட்டத்தில் பெரிய நகரமான ரான்ஸை விட்டுவிட்டு, நடுவில் இருந்த ஷாலோனுக்குக் கொடுத்தார்கள், இன்றும் அப்படியே. காந்தாலில் ஒரியாக்கும் சான் ஃப்ளூரும் விட்டுக்கொடுக்காததால், தலைநகரம் ஆரம்ப காலத்தில் இரண்டுக்கும் இடையில் மாறி மாறி நகர்ந்தது.

பெயர் வைத்த விதம்தான் ரசிக்கத்தக்கது. ராஜா, பிரபு, புனிதர் யாருடைய பெயரும் கூடாது. ஆறு, மலை, கடல் இவற்றிடம் கடன் வாங்கினார்கள்: லுவார், ரோன், ஜூரா, வோஜ். மேற்கு முனையில் இருந்ததற்கு ‘நிலத்தின் முடிவு’ என்ற பொருளில் ஃபினிஸ்தேர். பெயருக்கு ஏற்ற ஆறு அகப்படாத இடத்தில் கடலோரப் பாறைகளின் பெயரைச் சூட்டினார்கள், அதுதான் கல்வதோஸ். அந்த ஊர் ஆப்பிள் சாராயத்துக்குப் பின்னாளில் வந்த பெயரும் அதுவே. திஜோன் பக்கத்துப் பிரதிநிதி ஒருவர் தங்கள் ஊர்த் திராட்சைச் சரிவுகளை நினைத்து ‘கோத் தோர்’, அதாவது தங்கச் சரிவு என்று சொன்னார். சபை ஏற்றுக்கொண்டது.

கோடு போடும் கைக்குத் தண்டிக்கவும் தெரியும். 1793இல் லியோன் நகரம் பாரிஸுக்கு எதிராகக் கிளம்பியது. அதன் செல்வாக்கைக் குறைக்க ரோன்–லுவார் என்ற மாவட்டத்தை இரண்டாகப் பிளந்தார்கள். மேற்கே வான்தே மாவட்டம் ராஜாவுக்காக எழுந்து ரத்தக்களரி ஆனது. பத்தாண்டு கழித்து நெப்போலியன் அதன் தலைநகரத்தையே மாற்றினார். போரில் எரிந்துபோன லா ரோஷ் என்ற சிற்றூரில், படைகள் விரைவாகப் போய்வர நேர்கோட்டுத் தெருக்களோடு 1804இல் புது நகரம் எழுப்பச் சொன்னார். பெயர் ‘நெப்போலியன்’. அவர் விழுந்ததும் ‘பூர்போன்–வான்தே’. பின்னாளில் அவருடைய தம்பி மகன் ஆட்சிக்கு வந்ததும் ‘நெப்போலியன்–வான்தே’. 1870இல் அவரும் போனபின் பழைய லா ரோஷ் திரும்பியது. ஊர்க்காரர்கள் பெயர்ப்பலகை எழுதியே சலித்திருப்பார்கள்!

மாவட்டங்களுக்கு எஜமானரைக் கொடுத்ததும் நெப்போலியன்தான். 1800 பிப்ரவரியில் வந்த சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பாரிஸ் நியமிக்கும் ‘பிரீஃபே’ என்ற அதிகாரியை அனுப்பியது. நம் கலெக்டர் மாதிரி, அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரல்ல. பேரரசு விரிந்தபோது 1811 வாக்கில் 130 மாவட்டங்கள். ரோம், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் எல்லாம் பிரெஞ்சு மாவட்டத் தலைநகரங்கள்! நெப்போலியன் விழுந்ததும் அவை உதிர்ந்தன. பிரான்ஸுக்குள் இருந்தவை நின்றுவிட்டன. திரும்பி வந்த மன்னராட்சிகூட புரட்சிக்காரர்களின் இந்தக் கோடுகளை அழிக்கவில்லை; வரி வசூலுக்கு அவை அவ்வளவு சௌகரியம்.

ஒழுங்கு என்றால் முழு ஒழுங்கும் அல்ல. வல்ரெயா என்ற ஊரும் சுற்றியுள்ள சில கிராமங்களும் நாலாபுறமும் த்ரோம் மாவட்டத்தால் சூழப்பட்டிருந்தாலும் வோக்லூஸ் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பதினான்காம் நூற்றாண்டில் போப்பாண்டவர் விலைக்கு வாங்கிய நிலம் அது. புரட்சி, பேரரசு, ஐந்து குடியரசுகள் எல்லாம் கடந்தும் அந்தத் தீவு அப்படியே இருக்கிறது.

நாளடைவில் மக்கள் இந்தச் செயற்கைத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டார்கள். எவ்வளவு என்றால், பெயரில் ‘கீழ்’ என்று வருவதே அவமானமாகப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதி என்ற பொருளில் வைத்த ‘கீழ் லுவார்’, ‘கீழானது’ என்று காதில் விழுந்தது. 1957இல் அது லுவார்–அத்லாந்திக் ஆனது. ‘கீழ் சேன்’ இரண்டாண்டு முன்பே கடலோர சேன் ஆகிவிட்டது. 1970இல் ‘கீழ் ஆல்ப்ஸ்’ மேட்டு ப்ரொவான்ஸின் ஆல்ப்ஸ் என்று ஒரே தாவில் மேலே ஏறியது. ஒழிக்கப்பட்ட ப்ரொவான்ஸ் என்ற பெயர் இப்படிக் கொல்லைப்புறமாக உள்ளே வந்ததை துரே பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பெயரைவிட எண் ஒட்டிக்கொண்டது. அகரவரிசைப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண். அஞ்சல் குறியீட்டின் தொடக்கத்திலும் கார் எண்பலகையிலும் அதுதான். அல்ஜீரியாவை பிரான்ஸ் தன் மண் என்று சொல்லி 1848இல் மூன்று மாவட்டங்களாக்கியிருந்தது. பின்னாளில் 91, 92, 93 அவற்றின் எண்களாயின. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது, எண்கள் காலியாயின. பாரிஸைச் சுற்றிய பெரிய மாவட்டங்கள் 1968இல் உடைக்கப்பட்டபோது அதே எண்கள் புறநகரங்களுக்குப் போயின. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் மாவட்டத்துக்கு இருந்த 93 இப்போது சேன்–சான்–தெனி மாவட்டத்துடையது. அங்கே பிள்ளைகள் அதைத் தொண்ணூற்று மூன்று என்பதில்லை. ‘ஒன்பது–மூன்று’ என்று உடைத்துச் சொல்வதில் ஒரு வீம்பு. ஈழத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய லா கூர்நேவ் இந்த ஒன்பது–மூன்றில்தான் இருக்கிறது.

974 என்ற எண்ணும் நமக்கு உறவு. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரெயூனியன் தீவு அது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போன மண். 1946இல் குவாதலூப், மர்த்தினிக், பிரெஞ்சு கயானா ஆகியவற்றோடு முழு மாவட்டமானது. அங்கே காவடி எடுப்பவர் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு ஓட்டும் போடுகிறார். 2011இல் மாயோத் தீவு சேர்ந்ததும் மொத்தம் 101.

இந்த ஒட்டுதலை அரசியல்வாதிகள் குறைத்து மதிப்பிட்டார்கள். 2009இல் புதுக் கார் எண்பலகையிலிருந்து மாவட்ட எண்ணை எடுத்துவிட நினைத்தது அரசு. எதிர்ப்பு கிளம்பியதும் வலது ஓரத்தில் அதற்கு இடம் கொடுத்தது. எந்த மாவட்டத்தின் எண் என்பது உரிமையாளரின் விருப்பம். 2014இல் பிரதமர் மனுவேல் வால்ஸ், மாவட்ட மன்றங்களை 2021க்குள் ஒழித்துவிடுவோம் என்று அறிவித்தார். அதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான்: ஐரோப்பிய பிரான்ஸில் மாவட்டங்களுக்கு மேலே இருந்த 22 மண்டலங்கள் 2016 ஜனவரி 1 முதல் 13 ஆகச் சுருங்கின. அதில் ‘பெரும் கிழக்கு’ என்ற பெயரில் கரைந்துபோன அல்சாஸ், பொருமிப் பொருமி 2021இல் தன் இரு மாவட்ட மன்றங்களையும் ஒன்றாக்கித் தன் பெயரை மீட்டுக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் செங்கல், கம்யூன். ஊருக்கு ஒரு மேயர், ஒரு மன்றம். 1789 டிசம்பரில் பிறந்த அமைப்பு. நாடு முழுக்க ஏறக்குறைய 35,000. வெர்தான் அருகே முதல் உலகப் போரில் தரைமட்டமான ஆறு கிராமங்களில் இன்று ஒருவர்கூட வசிப்பதில்லை. ஆனாலும் அவை கம்யூன்கள். வாக்காளர் இல்லாததால் மேயரை பிரீஃபே நியமிக்கிறார்.

அந்தச் செங்கல் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. புதுச்சேரி ஒருநாளும் பிரெஞ்சு மாவட்டமாக இருந்ததில்லை. ஆனால் 1880இல் கம்யூன் முறை அங்கே புகுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் ஆட்சியை ஒப்படைத்துப் போனார்கள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வில்லியனூருக்குள் நுழைந்தால் இன்றும் கண்ணில் படும் பெயர், ‘வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து’. புதுச்சேரியில் ஐந்து, காரைக்காலில் ஐந்து என்று பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

(அடுத்த வாரம்: 1871இல் ஒரே உத்தரவில் தன் குறுநிலங்களைக் கலைத்த ஜப்பான்)